ஹம்ஸியா திறந்து கொடுத்த டிஸ்க்

பதுளை,
26.3.1988

அன்பு மகன் ஜௌபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் தங்கச்சி ஹம்ஸியாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். சவூதியில் தமாமில் இருக்கிற உங்களுடைய சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே விடாத மழை. ஒழுகின கூரைத் தகரத்தை ஆள் வைத்து மாற்றிவிட்டேன், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இன்று எழுத உட்கார்ந்தது ஒரு சந்தோஷத்தைச் சொல்ல. நல்லம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே தங்கி, ஹம்ஸியாவோடு ஒரே வகுப்பில் படித்த பிள்ளை. இப்போது அவள் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க பஸ் ஏற வேண்டும், பஸ்ஸோ அதற்கு மனம் வந்தால்தான் வரும். அதனால் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிடுகிறார்கள்.

தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் மேல் வகுப்புகளுக்குக் கட்டடம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, கண்டியில் பயிற்சிக்குப் போயிருந்தபோது அங்கேயிருந்த கொம்பியூட்டரில் நல்லம்மா இங்கிலீஷில் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறாள். பிரிண்ட் எடுக்கிற மெஷின் பழுதென்று, அறிக்கையை ஒரு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து நின்றாள். முகமே சரியில்லை. பஸாரில் ஒரு இடத்தில் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்களாம். எழுத்தெல்லாம் கண்டபடி வந்ததாம். கெட்டுப்போய்விட்டது, முதலிலிருந்து டைப் பண்ணத்தான் வேண்டும் என்றார்களாம். மறுநாள் காலையில் நிறுவனத்து ஆட்கள் பதுளைக்கு வந்து அறிக்கைகளை வாங்குகிறார்கள். "லயம் லயமா, வீடு வீடா ஏறி எறங்கி எடுத்த புள்ளைங்க கணக்கெல்லாம் அதுலதாங்கம்மா இருக்கு. இனிமே எப்ப நான் எழுதுறது?" என்று அழுதாள்.

ஹம்ஸியா நேரே, தான் கொம்பியூட்டரில் வேலை செய்கிற கந்தோரின் முதலாளி ஸலீம் நானாவிடம் போய்ச் சாவி கேட்டாள். உடனே எடுத்துக் கொடுத்தார். பூட்டின கந்தோருக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள் தனியாகப் போவானேன் என்று நானும் கூடப் போனேன். அதனால் இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன், மகன்.

டிஸ்க்கைப் போட்டதும் அதே கோணல் எழுத்துத்தான். நல்லம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஹம்ஸியா மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "கெடவில்லை உம்மா. ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்து மட்டும்தான் மாறியிருக்கிறது. கண்டியில் வேறு புரோகிராமில் எழுதியிருக்கிறார்கள், அது நம்முடையதற்கு விளங்கவில்லை" என்றாள். முதலில் டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்தாள். பிழை வந்தால் நகலில் வரட்டும் என்றாள். ஒரு வகை ஃபைலை இன்னொரு வகைக்கு மாற்றுகிற புரோகிராம் கந்தோரில் இருந்திருக்கிறது, யாரும் பாவித்ததில்லை. தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அதைப் போட்டாள். முதல் தரம் சரிவரவில்லை. மறுபடியும் போட்டாள். அதுவும் இல்லை. நான் ஸலவாத் ஓதிக்கொண்டே இருந்தேன். அடுத்த தரம் திரை நிறைய சுத்தமான இங்கிலீஷ் வந்து நின்றது! நல்லம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள்.

பிள்ளைகளின் கணக்கு மட்டும் வரிசை கலைந்து கிடந்தது. எது எந்த லயத்துக்கு என்று நல்லம்மா சொல்லச் சொல்ல ஹம்ஸியா நேராக்கினாள். அஸர் தொழுகைக்கு முன்னே பிரிண்ட் கையில்.

நேற்று நல்லம்மா வந்தாள். மடுல்சீமைக்குக் கட்டடம் கிடைத்துவிட்டது, மகன்! பெற்றோர் கூட்டத்தில் அவள் ஹம்ஸியாவின் பெயரைச் சொன்னாளாம். தலைவர் கந்தப்பன் எழும்பி, "அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்க டீச்சர், அடிக்கல்லு அவங்க கையால வைக்கட்டும்" என்றாராம். இதைக் கேட்டு ஹம்ஸியா வெட்கப்பட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

மகன், தங்கச்சிக்கு நீங்கள் பேசுகிற மாப்பிள்ளை வீட்டார் கேட்டதாக நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். ஹம்ஸியா வேலையை விட்டால்தான் மேலே பேசுவார்கள் என்றும், இந்த மாதத்தோடு அவளை நிறுத்தச் சொல்லியும் எழுதியிருந்தீர்கள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் உங்கள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாப்பிள்ளை நல்லவர் என்று நீங்கள் சொன்னால் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் பதில் கொடுக்க முன்னால் உங்கள் தங்கச்சி என்ன வேலை செய்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி அல்ல, நான் இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அதை நீங்களே அவளுக்கு எழுதுங்கள். அவள் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த என்னால், அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல முடியாது.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேருடைய கைகளிலும் பரக்கத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.

உங்கள் உம்மா,
ரஹ்மத்தும்மா