பிளக் காயவைத்த தோசைக்கல்

இன்று காலை, தீர ஆலோசித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தோசைக்கல்லை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். கல் சூடேறினால் இன்னும் பெட்ரோல் வாசனை வருகிறது. விருந்தாளிகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு வருகிறது.

தேயிலைக்கு விலை விழுந்து நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய வருஷம், அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை அடுப்படிக்குள் கொண்டுவந்தீர்கள். வெளியே வைத்தால் மஞ்சில் பிளக் நனைந்துவிடும் என்றீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை காத்திருந்தது. "வண்டி ரெடியாகட்டும், அதுலயே போயிடறேன்" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தீர்கள்.

நம் ஊர் ஜெகதளாவில் அப்போது யாருக்கும் வேலை இல்லாததால் எல்லோரும் மெக்கானிக் ஆகியிருந்தார்கள். இக்னிஷன் காயில் போயிருக்கும் என்றார் ஒருவர். கார்பரேட்டரில் தண்ணீர் என்றார் இன்னொருவர். மேல்வீட்டு மாமா மட்டும் வண்டியைத் தொடாமலே கேட்டார்: "ஏனுங்க தம்பி, தேயிலைக்கு வெல வர்றதுக்குள்ள இது கெளம்பீருமுங்களா?"

"ரெண்டுல எது முந்துதுன்னு பாக்கலாங்க மாமா."

ஒரு நாள் குடத்தோடு மேடேறி வரும்போது நம் வீட்டில் வண்டி ஓடும் சத்தம் கேட்டது. சீரான சத்தம். நான் வாசலுக்கு வரவும் நின்றுபோனது. உங்கள் கையில் ஸ்பேனர்.

"ஏனுங்க, ஓடுச்சாட்ட இருக்குது?"

"ஓடுச்சு. ஆனா ஒரு மாதிரி இருமுது."

எனக்கு எந்த இருமலும் கேட்கவில்லை. "இருமுனா பிரிச்சுத்தான் ஆகோணும்" என்றேன். பிளக்கை வாங்கி நானே தோசைக்கல்லில் வைத்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அன்று இருவரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அப்படிப் பல நாள் இருமியது. பிறகு என் அண்ணன் வந்தார். ஊரே பார்க்க ஒரே உதை, கிளம்பிவிட்டது. கை தட்டினார்கள்.

"அப்புறமென்ன மாப்ளெ, கெளம்ப வேண்டீதுதான?"

நீங்கள் குனிந்து சற்று நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டீர்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பையில் எதெது வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டீர்கள்.

இப்போதும் பக்கத்தில் யாராவது வண்டியை உதைத்தால், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். கிளம்பிவிடக் கூடாதே என்று இருக்கிறது. அவர்களுக்கும் அவசர வேலை இருக்கும், தெரியாமல் இல்லை.

நீங்கள் திருப்பூர் போன அந்த மழைக்காலம் முடியும் முன்பே உங்களைக் கம்பெனி வேனில் கொண்டுவந்து கிடத்தினார்கள். நெஞ்சுவலி என்றார்கள். வண்டியைத் திருப்பூரிலிருந்து அண்ணன் ஓட்டி வந்தார். மலை ஏறும்போது ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.