கோர்ட் கலையும் வரை

மாப்ள,

இன்று காலை அவனியாபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைப் பார்த்தேன். வாய் நசுங்கிக் குப்புறக் கிடந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்துக் கடைக்காரன் உள்ளே போய்விட்டான். நீ போன பிறகு இந்தக் கதையைச் சேர்ந்து சொல்ல ஆளில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன். இந்த ஒரு தடவையாவது குறுக்கே பேசாமல் கேள்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். உனக்கு மைக்செட் கடை, எனக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கடை. அலங்காநல்லூர் ரோட்டில் ஓரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என்னை அந்தக் கட்சித் தலைவரின் ஜீப் தூக்கி எறிந்தது. ஓட்டியது அவரேதான். இறங்கி வந்து என்னை எட்டிப் பார்த்தார். மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என் இடது கால் அன்றோடு சரி. டிரைவர் ஓட்டியதாகச் சொல்லி ஆளை மாற்றப் பார்த்தார்கள். "அந்தாளுதான்யா ஓட்டுனாரு" என்று ஒரே பிடியாக நின்றேன். வாய்த்த சப்-இன்ஸ்பெக்டரும் நல்ல மனிதர். கேஸ் தலைவர் பேரிலேயே பதிவானது.

பதிவாகி என்ன புண்ணியம்? வாய்தா மேல் வாய்தா. உடம்பு சரியில்லை என்று வக்கீல் மனுப் போடுவார். அன்று சாயங்காலமே தலைவர் எங்காவது மேடையில் முழங்கிக்கொண்டிருப்பார். அந்த மேடைக்கும் உன் மைக்செட்தான்! "ஏன்டா அந்தாளுக்குப் போயி மைக்கு கட்டுற?" என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன். "தொழில் மாப்ள, தொழில்" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் எனக்கே அலுத்துவிட்டது. அவருடைய ஆட்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் சமாதானமாகப் போய்விடு என்று நச்சரித்தார்கள். என் மனைவி பயந்துபோயிருந்தாள். "நாளைக்கும் வாய்தான்னா, கேசும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன்" என்று உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் கேச எத்தன மணிக்குக் கூப்பிடுவாக?" என்றாய். "ஏன், வந்து மாலை போடப் போறியா?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு, "பதினோரு மணி வாக்குல" என்றேன்.

மறுநாள் தல்லாகுளம் பக்கத்துக் கோர்ட்டில் வக்கீல் எழுந்தார். தலைவருக்குத் தொண்டையில் புண்ணாம். படுத்த படுக்கையாம். ஒரு வார்த்தை பேச முடியாதாம். வக்கீல் சொல்லி வாயை மூடவில்லை, ஜன்னல் வழியாக வந்தது அந்தக் குரல்.

"தவறு செய்தவன் எவ்வளவு பெரிய தலைவனாக இருந்தாலும், அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டுமா, வேண்டாமா?"

"ஏற்ற வேண்டும்!" என்று கூட்டம் கத்தியது.

பக்கத்துத் தெருவில் உண்ணாவிரதப் பந்தல். எதிர்க்கட்சிக்காரர்களின் ஊழலை விசாரிக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தார் நம் தலைவர். அங்கேயும் உன் மைக்செட்தான். நீ வேப்பமரத்தில் ஏறி, குழாயைக் கோர்ட்டுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தாய்.

மாஜிஸ்டிரேட் பேனாவைக் கீழே வைத்தார். "யார் குரல் அது?" என்றார்.

நான் கட்டையை ஊன்றி எழுந்தேன். "அவருதாங்கய்யா. படுத்த படுக்கையில இருந்து பேசுறாரு."

கோர்ட்டே சிரித்தது. மனு தள்ளுபடி. நாளைக்கு ஆஜராகாவிட்டால் பிடிவாரண்ட் என்றார். அதோடு விட்டாரா? கோர்ட்டைப் பார்த்துக் குழாய் கட்டியவனையும் கூட்டி வரச் சொன்னார். உனக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஓடி வந்தேன். "சும்மா இருடா. அவரு ஏறணும்னா நானும் ஏறணும்ல?" என்றாய்.

கோர்ட்டில் எழுந்த சிரிப்பு அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது, இனி இழுத்தடித்தால் அவருக்குத்தான் கேவலம். மறுநாள் தலைவர் வந்தார். கூண்டில் ஏறினார். ஓட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அடேயப்பா, எத்தனை நாள் பாரம் மாப்ள அது! அந்த ஒரு சொல்லில் இறங்கிப் போயிற்று. வெட்கமில்லாமல் அழுதேன். அவருக்கு அபராதம், அதோடு கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனை. என் காலுக்கு இது கொஞ்சம்தான். ஆனால் நான் பொய் சொல்கிறேன் என்று இனி ஒருத்தனும் பேச முடியாது. அடுத்து நீ ஏறி, "ஆமாய்யா, நான்தான் திருப்புனேன்" என்றாய். உனக்கும் அதே தண்டனை.

சைக்கிளில் விளக்கில்லாமல் பிடிபட்டவர்கள், டபுள்ஸ் போனவர்கள் எல்லோரும் இருந்த பெஞ்சில் நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவருக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. "உனக்கு என்னப்பா கேசு?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க பேசுன கேசுதாண்ணே."

அதற்குப் பிறகு அவர் கட்சியில் உனக்கு ஒரு கூட்டம்கூடக் கிடைக்கவில்லை. நீ அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பெரிய ஆளுகளை யாரால் என்ன செய்ய முடியும் என்று இன்றைக்கும் டீக்கடையில் அங்கலாய்க்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. அன்று சாயங்காலம் மாஜிஸ்டிரேட் எழுந்து உள்ளே போன பிறகும் தலைவர் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்ற கோர்ட் சேவகன் டவாலியைப் பார்த்து, "போகலாமாங்க?" என்று கேட்டார். அவன் தலையசைத்த பிறகுதான் எழுந்தார். அந்தக் கேள்வியை என் காதால் கேட்டேன், மாப்ள. எனக்கு அது போதும்.