கொர்பான் வீடு

மடுல்சீமை,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு

கர்த்தருக்குள் எப்போதும் வேலையாயிருக்கும் என் தம்பி, போதகர் இஸ்ரவேலுக்கு,

அக்கா அன்னபாக்கியத்தின் தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாதென்று நீயே பிரசங்கம் பண்ணியிருக்கிறாய். போனில் கூப்பிட்டால் "ஜெபத்துல இருக்கேன்க்கா" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை எப்படி வெட்டுகிறாய் பார்ப்போம்.

போன மழையில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, அம்மாவின் காம்பராச் சுவர் வெடித்துவிட்டது. அங்கே படுக்கக் கூடாதாம். அதனால் அம்மா என் காம்பராவில். என் வீட்டுக்காரர் புரண்டு படுக்க வேண்டுமானால் வீடே சேர்ந்து புரள வேண்டும். அம்மாவின் இருமலுக்கு மட்டும் இடம் தாராளம்.

ரோட்டோரம் அம்மாவுக்கென்று நீ கட்டின வீடு பூட்டிக் கிடக்கிறது. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகிற நேரத்தில், கொழும்பிலிருந்து போன் போட்டு, மைக்குக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, "அந்த வீடு ஆண்டவருக்குக் கொர்பான்" என்றாய். சபையே கை தட்டியது. எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினது அம்மாதான். போவது தன் கூரை என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு என்ன விளக்கம்! கிரேக்க வேதத்தில் இருந்தாலும் அது கிரேக்கச் சொல் இல்லையாம், எபிரெயரின் பேச்சாம், கடவுளுக்குக் கிட்டக் கொண்டு வருகிற காணிக்கையாம். மூன்றாம் வகுப்போடு நின்ற என் மூளைக்கே ஏறிவிட்டது. வெடித்த சுவரை மூடப் படங்குச் சீலை வாங்கப் பதுளைக்குப் போனபோது கடைக்கார ஜஸீல் நாநாவிடம் சொன்னேன். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற எங்கட குர்பானும் அதுதான் தங்கச்சி. சொந்தத்துக்கும் ஏழைக்கும் பங்கு வெச்சிட்டுத்தான் நாங்க தின்னுவம்" என்றார். எங்கள் தம்பி பங்கு வைக்கவில்லை நாநா, பூட்டுத்தான் வைத்திருக்கிறான் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விளக்கத்தில் மிச்சத்தை ஏன் முழுங்கினாய்? பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் கை விரித்தவர்களை இயேசு திட்டுகிற இடத்தில்தானே அந்தச் சொல்லே வருகிறது? இங்கே இருக்கிற போதகர் ஐயா வாசித்துக் காட்டினார். "அம்மா தாராளமா இருக்கட்டும்" என்று சபையில் இருந்த வீட்டுச் சாவியையும் தந்துவிட்டார்.

நேற்று அம்மாவைக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். "ஆண்டவருக்குக் குடுத்ததுல நா காலு வைக்க மாட்டேன். எம் மவன் வாக்குப் பொய்யாப் போயிரும்" என்கிறாள். நல்ல மழை. இழுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னதையும் சொன்னேன். "உம் மவன் வாயால சொன்னாத்தான் நுழைவியா?" என்று கத்தினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நனைந்துகொண்டே திரும்பி வந்தோம். ராத்திரியிலிருந்து காய்ச்சல்.

உன் காணிக்கையை நீயே வைத்துக்கொள். காகிதம் கிடைத்ததும் கூப்பிடு. போனை நான் அவள் காதில் பிடிக்கிறேன். "அம்மா, உள்ள போங்க" என்று சொல். கிரேக்கத்தில் வேண்டாம்.

கர்த்தர் உன் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. உனக்கு வயதாகும்போது அவர்கள் உன்னை ஆண்டவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டாதிருப்பார்களாக.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
அன்னபாக்கியம்