காயவைக்கும் அறையின் கதவு

மதினி,

சேலை மடிப்பை உதறினால் வார்னிஷ் வாடை இன்னும் வருகிறது. அதற்கு அடியில் தீப்பெட்டி மருந்து வாடையும் இருக்கிறது என்கிறேன். உங்கள் தம்பி இல்லவே இல்லை என்கிறார். "நீ தண்ணியக்கூட மோந்து பாத்துத்தான குடிப்ப" என்று நீங்கள் இருந்தால் என்னைக் கிண்டல் செய்திருப்பீர்கள்.

முந்தாநாள் நாம் வேலை பார்த்த பழைய தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். இப்போது அது கலை பண்பாட்டு மையம். பன்னிரண்டு வருஷம் பூட்டிப் போட்டு, கேட் பக்கம்கூட அண்டவிடாத முதலாளி வீட்டார், வீடு தேடி வந்து குங்குமம் நீட்டி அழைத்தார்கள். சும்மா கூப்பிடுவார்களா? என்ன காரியத்துக்கு என்று பார்க்கத்தான் போனேன். வாசலில் ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு தடவை படித்துவிட்டு, போடாமல் நகர்ந்துவிட்டேன்.

பெட்டி ஒட்டிய கொட்டகையில் பிள்ளைகள் கோலாட்டம் ஆடினார்கள். சுவரெல்லாம் நம் ஆட்களின் படங்கள், எல்லோரும் சிரித்த முகமாக. எந்த நாளில் நாம் அப்படிச் சிரித்தோமோ. அந்தத் தீயைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் செத்த முத்துமாரி படமும் இல்லை.

மருந்தில் முக்கிய குச்சிக் கட்டைகளைக் காயவைக்கும் அறையில் தீப்பிடித்த அன்று, உள்ளே இருந்தது நீங்களும் அவளும்தான். நீங்கள் முன்னால் ஓடி வந்தீர்கள். அவள் வரவில்லை. "முன்னால ஓடுனவ கதவச் சாத்திட்டு ஓடிட்டா" என்று கணக்குப்பிள்ளை சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "நான் சாத்தலத்தா, அதுவா சாத்திருச்சு" என்று நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னீர்கள். கதவு எப்படித் தானாகச் சாத்தும் என்றுதான் என் புத்தி போனது. லேபிள் ஒட்டிய எனக்கு அந்த அறைப் பக்கம் வேலையே கிடையாது.

அதன் பிறகு வேலைக்குப் போகும்போது என் மகளை உங்களிடம் விட்டதில்லை. பக்கத்து வீட்டில் விட்டேன். "எங்கிட்ட விட்டா என்னத்தா?" என்று ஒரே ஒருநாள் கேட்டீர்கள். உங்களுக்கு முடியாமல் இருக்கிறதே என்று ஏதோ சமாளித்தேன். அப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை.

முந்தாநாள் அந்த அறைக்குள் நுழையும்போது, கதவுக்கு முட்டாக ஒரு கல் கிடந்தது. காலில் இடிக்கிறதே என்று ஒதுக்கப் போனேன். காவல்காரர் ஓடி வந்தார்.

"கல்ல எடுத்துராதீக தாயி. நெலை சாஞ்சிருக்கு. கதவு தானா வந்து சாத்திக்கிடும், வெளிக்கொண்டியும் விழுந்துரும். நேத்து பெயிண்டர் உள்ள மாட்டிக்கிட்டு கத்தோ கத்துன்னு கத்துனாரு."

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"கட்டுன நாள்ல இருந்தேன்னு ஆசாரி சொல்றாரு. மாத்திருவோம்னா, பழசு மாறக்கூடாதுன்னுட்டாக."

அப்போதும் நான் நம்பவில்லை. அவர் நகர்ந்ததும் கல்லைத் தள்ளினேன். கதவு மெதுவாக வந்து சாத்தியது, வெளியே கொண்டி விழும் சத்தம் கேட்டது. அவர் வந்து திறந்துவிட்டுத் திட்டினார். மறுபடி தள்ளினேன். மூன்றாம் தடவை உள்ளே இருட்டில் நின்று பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மதினி. அன்றும் இப்படி ஒரு கல்தான் முட்டுக் கொடுத்திருக்கும், நீங்கள் ஓடிய ஓட்டத்தில் அது புரண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

நேற்றுக் காலையில் நாரணாபுரத்துக்குப் போய், முத்துமாரியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பார்த்தாலே மண்ணை வாரித் தூற்றியவர்கள், உங்கள் சாவுக்கும் வராதவர்கள்.

"அப்ப இத்தன வருசமா நான் ஏசுனதெல்லாம்?" என்றார்கள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரே ஏசுச்சு. கூடவே இருந்த நீயாவது அவள நம்புனியா, தாயி?" என்று கேட்டார்கள்.

நம்பினேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், மதினி.