முன்னால் போகிறவன் சொல்ல வேண்டியது

நீ ஒரு பொய்யன். உன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன். அருவிக்குப் படியிறங்கும் வெளியூர்க்காரர்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் "இன்னும் பத்தே நிமிசமுங்க" என்பாய். முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பத்து நிமிடம்தான் மிச்சம் இருக்கும். ஏறி வரும்போது அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். நீ சிரித்துக்கொண்டே அவர்களுடைய பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொள்வாய்.

காலையிலேயே உன் நினைப்பு வந்ததற்குக் காரணம் ஒரு மஞ்சள் மேல்சட்டை. கையில்லாதது, புதியது, வழிகாட்டிப் பயிற்சியில் கொடுத்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் வீடெல்லாம் செருப்புக் கடை வாசம். முதுகில் கொட்டை எழுத்தில் 'வழிகாட்டி' என்று அச்சடித்திருக்கிறார்கள். அம்மா அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இதப் போட்டுட்டா சாமி காட்டுக்குள்ள போவ? பன்னி பயந்து ஊட்டுக்குள்ள வந்துருமே" என்றாள். நீ இருந்திருந்தால் முதல் நாளே அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருப்பாய்.

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரசாங்கம் நடத்திய மூன்று நாள் பயிற்சி அது. நம் மலையில் திருப்புலி நாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏழு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். 'வழிகாட்டு: பொருளும் இணைச்சொற்களும்' என்று தலைப்பு. வழிநடத்து, இட்டுச்செல், முன்செல், செலுத்து, நெறிப்படுத்து, ஆற்றுப்படுத்து என்று வரிசையாக இருந்தன. சொல்லித் தர வந்தவர் ஒவ்வொன்றாக விளக்கினார். செலுத்துவது என்றால் பின்னாலிருந்து ஓட்டுவது. நெறிப்படுத்துவது என்றால் தப்பிப் போகிறவரைச் சரியான வழிக்குத் திருப்புவது. ஆற்றுப்படுத்துவது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் மட்டும் எனக்குப் பிடித்தது. ஒரு வழியில் போய்த் திரும்பியவன் அடுத்து வருகிறவனிடம், இந்த வழியில் போ, இன்னின்னது எதிர்ப்படும் என்று சொல்லி அனுப்புவதாம். நடந்து பார்த்தவனுக்குத்தான் சொல்லும் உரிமை என்று ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தாளை இரண்டு தடவை மேலும் கீழும் படித்தேன். கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற பொருளில் ஒரு சொல்கூட அதில் இல்லை. நம் ஊரில் அந்த வேலைக்கு அது ஒன்றுதான் பெயர். 'அவன் கொண்டுபோய்ச் சேத்திருவான்' என்று உன்னைப் பற்றி எத்தனை வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ரோடு இல்லாத ஊர் நம்முடையது. முடியாமல் விழுந்தவர்களை வேட்டியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்து, முள்ளுக்குறிச்சிக்குப் போகிற தார் ரோடு வரைக்கும் இறக்க வேண்டும். நல்ல வெயில் நாளிலேயே இரண்டு மணி நேரம். பின்னால் தூக்குகிறவர்களுக்குத் தரை தெரியாது, தூளி மறைக்கும். அதனால் ஒருவர் வெறுங்கையோடு முன்னே நடந்து, தரையில் இருப்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். அந்த ஒருவர் எப்போதும் நீதான்.

நான் பாலிடெக்னிக் முடித்து, வேலை கிடைக்காமல், கண்ணில் பட்ட எல்லோர் மேலும் கோபத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்த ஆடி மாதம் அது. மேல்தெரு அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. தூக்குவதற்கு ஓர் ஆள் குறைந்ததால் நீ பின்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாய். "படிச்சவன் முன்னால போ" என்று என்னைத் தள்ளிவிட்டாய். நானும் பொறுப்பாகத்தான் போனேன். கல்லைப் பார்த்தால் "பாத்து வாங்க" என்றேன். வேரைப் பார்த்தால் "பாத்து, பாத்து" என்றேன். சேறு வந்தபோது இன்னும் சத்தமாகக் கத்தினேன். எச்சரிக்கை கூடக்கூட நால்வர் காலும் தயங்கின. கடைசியில் ஒருவர் இடறி, தூளி பக்கவாட்டில் ஆடியது. உள்ளிருந்து அக்கா என்னைத் திட்டிய சொல்லை இங்கே எழுத முடியாது.

நீதான் மூங்கிலை நிறுத்தினாய். வேர்வை கண்ணில் வழிய என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"மாப்ள, பாத்து வாங்கன்னு சொல்லாத. எங்களால பாக்க முடிஞ்சா நீ எதுக்குடா முன்னால?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தூளிக்குள் அக்காவும் சிரித்தாள், நடுவில் வலி வந்து பாதியில் நிறுத்தினாள். பிறகு நீ அங்கேயே சொல்லிக் கொடுத்தாய். பயமுறுத்தாதே. என்ன இருக்கிறது, எந்தப் பக்கம், எத்தனை அடியில், அவ்வளவுதான். "சோத்தாங்கைப் பக்கம் கல்லு, மூணடி." "குறுக்க வேரு, காலத் தூக்கு." "ஈரம், குதிகாலு ஊணு." அந்த இறக்கத்தில் என் தொண்டை போயிற்று. தார் ரோட்டோரம் மிளகு வாங்கி விற்கும் பாய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து வைத்திருந்தார். எங்கள் ஐந்து பேருக்கும் டீ கொடுத்து, என் குரலைக் கேட்டதும் எனக்கு மட்டும் மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தார். அன்று பிறந்த பெண் இப்போது பலாமரம் ஏறுகிறாள். அவள் கத்தும்போதெல்லாம், அது நான் அன்று கத்தியதன் பாதிப்பு என்று நீ ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தாய்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். உன் பொய்க்கும் ஒரு கணக்கு இருந்தது. தூளியில் படுத்திருப்பவரிடம் "இன்னும் ரெண்டே எறக்கந்தான் கண்ணு" என்று வாய் கூசாமல் சொல்வாய். தூக்குகிறவர்களிடம் ஒரு கல்லைக்கூட மறைக்க மாட்டாய், ஒரு கல்லைக் கூட்டியும் சொல்ல மாட்டாய். ஏனென்று கேட்டதற்கு, "படுத்திருக்கறவங்ககிட்டப் பொய் சொன்னா கொஞ்சம் தூங்குவாங்க. தூக்கறவங்ககிட்டச் சொன்னா எல்லாரும் உளுந்துருவோம்" என்றாய். நான் அரசாங்கத்தைத் திட்டினால் மட்டும் உனக்குச் சலிப்பு வரும். திட்டுகிற மூச்சை மிச்சம் பண்ணி ஏறு என்பாய். அந்த விஷயத்தில் மட்டும் நாம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் வயிற்றுவலியை வாயு என்று சொல்லி எங்கள் எல்லோரையும் நம்பவைத்தாய். பொய்யன் என்று நான் சும்மா சொல்லவில்லை. நாலாம் நாள் மழையில் உன்னைத் தூளியில் போட்டோம். முன்னால் நான். நீ கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தாய். ஓடைக்கு மேலே வந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது. "இங்க ஒரு வேரு இருக்குமே, சொன்னியா?" நான் சொல்லவில்லை. பின்னால் வந்தவர் அப்போதுதான் அதில் கால் தட்டித் தடுமாறினார். கொஞ்ச தூரம் போனதும், "மாப்ள, இன்னும் எவ்வளவு?" என்றாய்.

"பத்தே நிமிசமுங்க" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் மூங்கிலே குலுங்கியது. "யாருகிட்டடா" என்றாய். முன்னால் தூக்கியவர் சிரிக்காதே, கனக்கிறது என்று அதட்டினார். ஆஸ்பத்திரியில், முந்தின நாளே வந்திருக்கவேண்டும் என்றார்கள். மறுநாள் மத்தியானம் நீ இல்லை.

மழை என்றார்கள், விதி என்றார்கள். நான் ரோடு என்கிறேன். உனக்குச் சலிப்பு வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பழக்கம். யாருக்கும் பார்த்து என்று சொல்ல வாய் வருவதில்லை. பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கும்போது "படி ரெண்டு, அப்புறம் பள்ளம்" என்கிறேன். சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் "பீச்சாங்கைப் பக்கம் சாக்கடைங்க, ஓரடி" என்றேன். ஏறிட்டுப் பார்த்தார், ஆனால் விழவில்லை. நீ போனபின் நான்கு தூளிக்கு முன்னால் நடந்துவிட்டேன். நாலும் தார் ரோட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

இனி பயிற்சியின் மூன்றாம் நாளைச் சொல்கிறேன், அதுதான் நேற்று. தூளி இறக்குகிற நம் பாதையை வெளியூர்க்காரர்கள் நடந்து ரசிக்கிற இயற்கைப் பாதையாக அறிவிக்கப்போகிறார்களாம். பாறைகளில் அம்புக்குறி, நடுவில் ஒரு நிழற்குடை, கூட்டிப்போக நான். பாதை எப்போதும் இப்படியே இருக்கும், ரோடு கேட்டு ஊர் கொடுத்த மனுவை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில், ஊரில் படித்தவன் என்ற முறையில், ஊர் சார்பாக நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எனக்கு வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும், உன்னிடம் ஏன் மறைக்கிறேன்.

ஆனால் உன் தங்கச்சிக்கு ஏழு மாதம். முந்தாநாள் வாசலில் நின்றுகொண்டு, "எங்கண்ணன் இருந்தா, ஆனைக்குட்டியத் தூளியில கட்டற மாதிரி இருக்குன்னு கிண்டலடிப்பான்" என்று சிரித்தாள். தாளைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது. "போடறதுன்னா போடுண்ணா, உன் பொழப்பு. ஆனா மாசியில நீதான் முன்னால வரோணும்" என்றாள்.

தாளை நீட்டிய அதிகாரி கெட்டவர் இல்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, ரோடு போட்டா இந்த அழகே போயிரும். கஷ்டப்பட்டு நடந்து வர்றதுதான் வர்றவங்களுக்கு வேணும்" என்றார். வர்றவங்க சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்கள் என்றேன். அதற்கும் தலையாட்டினார். பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கத்தவும் இல்லை, நீ நம்பமாட்டாய். உன்னை மாதிரியே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"சார், நம்ம ஊருக்கு ஒருக்கா வாங்க. தூளி கட்டறோம், நீங்க படுத்துக்கங்க. நாலு பேரு தூக்குவாங்க, நான் முன்னால போறேன். ஒரு கல்லு விடாமச் சொல்லிட்டு வருவேன், பயப்படாதீங்க. கீழ ரோட்டுல எறங்கி நின்னு, இந்தப் பாதை இப்படியே இருக்கட்டும்னு உங்க வாயால சொல்லுங்க. அங்கயே கையெழுத்துப் போடறேன்."

மற்ற ஆறு பேரும் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அவரும் புன்னகைத்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் எழுந்து நின்று கேட்டேன்.

"எந்தக் கிழமை வர்றீங்க சார்?"