ஜியாலால் தோட்டத்துச் சிவப்பு

ஆகஸ்ட் 2

ஜியாலால் அண்ணன் தோட்டத்து இருநூற்றுப் பத்து ஆப்பிள் மரங்களுக்கும் இன்று நிற மருந்து அடித்தாயிற்று. ஐந்தாறு நாளில் சிவந்துவிடும். எட்டாம் தேதி பறிப்பு. மற்றவர்களுக்கு முன்னால் டில்லி மண்டியில் என் பெட்டி இறங்கும். என் இரண்டு லாரிகளில் ஒன்றை விற்று, பூவிலேயே பேசி வாங்கிய விளைச்சல் இது.

இந்த மருந்து காம்பைத் தளர்த்தும். உதிராமல் பிடித்து வைக்கிற இன்னொரு மருந்து ரோஹ்ரு டவுன் கடையில் தீர்ந்துவிட்டதாம், அடுத்த வாரம்தான் வருமாம். "ரெண்டையும் சேர்த்தே அடி, கமலேஷ்" என்றார் அண்ணன். பழத்தை விற்ற பிறகு உங்களுக்கு என்ன கவலை என்றேன். ஆறு நாளில் பறிப்பதற்கு அது எதற்கு?

ஆகஸ்ட் 6

சிவப்பு. இலை மறைத்த பக்கம்கூட. பறிக்கிற நேபாளி ஆட்களுக்குச் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 7

மாலையில் மலைமேல் ஊரிலிருந்து மேளச் சத்தம். என்ன என்று அண்ணனைக் கேட்டேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர்த் தெய்வத்தின் பல்லக்கு இறங்கி வருமாம். நாளையிலிருந்து நான்கு நாள் யாரும் காய்கனி தொடக்கூடாதாம். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

வாங்கும்போது மரத்தை எண்ணினேன். மண்ணைப் பார்த்தேன். இந்த ஊர்த் தெய்வம் எப்போது வெளியே வரும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இருபது வருஷமாக வியாபாரம் பண்றேனாம்.

ஆகஸ்ட் 8

பூசாரியிடம் போனேன். ஒரே ஒரு நாள் விடுங்கள் என்றேன்.

"பத்து வீட்டுப் பழமும் மரத்துலதான் இருக்கு, தாயி. யாரும் கேக்கலையே."

"அவங்க பழம் காத்திருக்கும், சாமி. என்னுது காத்திருக்காது."

"அத நீ மருந்து அடிக்கும்போது யோசிச்சிருக்கணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு?

ஆகஸ்ட் 9

விழ ஆரம்பித்துவிட்டது. காற்றே இல்லை. பொத், பொத்.

ஆகஸ்ட் 10

பல்லக்கு தோட்டத்து வேலியோரம் வந்தது. கை கூப்பி நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒன்று, பிறகு இரண்டு. ஒரு பழம் சரிவில் உருண்டு, பல்லக்குத் தூக்குகிறவர் காலடியில் போய் நின்றது. அவர் பார்த்தார், தாண்டிப் போனார். குனிந்து எடுக்க எனக்கும் உரிமை இல்லை. கீழே கிடப்பதையும் தொடக்கூடாதாம்.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12

விடிந்ததும் பறித்தோம். மரத்தில் மிச்சம் நாலில் ஒரு பங்கு. அதுவும் விரல் பட்டால் குழிகிறது, டில்லி வரை தாங்காது. அண்ணன் வீட்டிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து, என்னோடு உட்கார்ந்து பொறுக்கினார்.

ஆகஸ்ட் 13

ஜூஸ் ஆலை ஆள் வந்தான். ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தான். "நல்ல கலரு, அக்கா" என்றான்.

மரத்தில் இருந்தது, தரையில் கிடந்தது எல்லாம் ஒரே விலை. கிலோ ஒன்பது ரூபாய். ஏற்றுக்கூலி என்னுடையது. பணம் தீபாவளிக்குப் பிறகு.