வல்லை வெளியில் கறுப்புச் சிறகு

அத்தான்,

போன ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை உறைந்து கிடந்த ஏரி ஒன்றுக்குக் கூட்டிப்போனான். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை பனிக்காலம் பார்த்துவிட்டேன், அன்று கண்டதை இதுவரை கண்டதில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிய ஒரு பெண், ஆள் உயரச் சிறகொன்றை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்தபடி எங்களைக் கடந்து போனாள். கயிறு இல்லை, இயந்திரம் இல்லை. சிறகைக் கொஞ்சம் சாய்த்தாள், அவ்வளவுதான். காற்று அவளை மறுகரைக்குக் கொண்டுபோய்விட்டது. துணி படபடத்த சத்தத்தில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர் என்று நினைத்து மகன் காருக்குள் கூட்டிவந்தான்.

வீடு வீடாய் மின்சார மீட்டர் பார்ப்பது உங்கள் வேலை. தொண்ணூறில் சண்டையால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் நீங்கள் வீட்டில் சும்மா இருந்தீர்கள். அடுத்த வருடம் தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கியதும் பின்னேரங்களில் காணாமல் போகத் தொடங்கினீர்கள். சைக்கிள் பாரில் நீளமாய் ஏதோ சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கும். பொழுதுபடத் திரும்பும்போது முழங்காலில் உரசல், தலை முழுக்கப் புழுதி.

“உந்த முகத்தைப் பாரடி,” என்றாள் அக்கா என்னிடம். “கலியாணத்தண்டும் உப்பிடிச் சிரிக்கேல்லை. எங்கை போறியள் எண்டு கேட்டால் சும்மா காத்து வாங்கவாம்.”

அக்கா வேறொரு பெண் என்று நினைத்தாள். நான் படகு என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கடல் தாண்டியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பேர் இருந்தார்கள். உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். கறுப்பு நூல் துண்டுகள்தான் கிடைத்தன. அதுவும் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒருநாள் சைக்கிளில் உங்கள் பின்னால் வந்தேன். நீங்கள் மரமோ வீடோ இல்லாத வல்லை வெளிப் பக்கம் திரும்பியதும், எதிர்க்காற்றில் மிதிக்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

நான் அப்போது கரவெட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்துக்காரர் ஒருவர் அங்கே சாமான் எடுக்க வருவார், எங்களோடு மரியாதையாய்க் கதைப்பவர். அவரிடம் கேட்டேன்.

“அண்ணை, எங்கடை அத்தான் ஒவ்வொரு நாளும் வல்லை வெளிக்குப் போறார். ஏன் போறார் எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுவியளோ?”

“கையிலை ஏதும் கொண்டு போறவரோ?”

“ஓம். சாக்கிலை சுத்தி ஏதோ.”

“நீளமோ?”

“ஓம்,” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குப் பயமாய் இருந்தது.

அன்று பொழுதுபட்டும் நீங்கள் வீடு வரவில்லை. ஐந்தாம் நாள் நடந்து வந்தீர்கள். சைக்கிள் இல்லை, சாக்கும் இல்லை. அக்கா அழுது முடித்தபின், சுவரைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

“செட்டை அப்பா, பறவைச் சிறகு மாதிரி. துணிச் செட்டை. பழைய குடைத்துணியைப் பொருத்தித் தைச்சது. பலகைக்குக் கீழை குழந்தை வண்டிச் சில்லு நாலு. செட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஏறி நிண்டால் காத்துக் கொண்டு போகும். வெளிநாட்டிலை பனியிலை போறாங்கள் எண்டு ஒரு புத்தகத்திலை படம் பாத்தனான். காய்ஞ்ச தரையிலை போனால் என்ன எண்டு நினைச்சன்.”

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டாள் அக்கா.

“சொன்னால் விசர் எண்டுவாய்.”

இராணுவ ஹெலிக்குச் சைகை காட்டியதாக இயக்கத்தார் உங்களைப் பிடித்து விசாரித்தார்களாம். அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “ஆரோ சொல்லிப் போட்டினம்,” என்றீர்கள். “உந்தச் செட்டையைப் பற்றித் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்.”

சிறகைத் தைத்துத் தந்த தையல்கார இராசதுரை அண்ணையைத்தான் சொன்னீர்கள். சின்ன வயதுச் சிநேகிதர், நாலு வீட்டு வளவு தள்ளி இருந்தவர். அன்றே அவரோடு கதைப்பதை விட்டீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் கலியாணம், கொழும்பு, விமானம் எல்லாம் வந்துவிட்டன.

இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். இராசதுரை அண்ணை படலைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்.

ஏரியிலிருந்து வந்த அன்றே நம்பர் தேடி அவருக்குப் போன் எடுத்தேன். “அண்ணை, அத்தானைப் பற்றிச் சொன்னது நான்.”

“எனக்குத் தெரியும் பிள்ளை.”

“எப்பிடி?”

“அண்டைக்கு மண்ணெண்ணெய்க்குச் சங்கத்திலை நிண்டனான். நீ அந்த இயக்க ஆளோடை கதைச்சது கேட்டது. ஓடிப்போய் அவனுக்குச் சொல்ல நினைச்சன், அவன் அதுக்குள்ளை வல்லை வெளிக்குப் போயிட்டான்.”

“பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே, அண்ணை?”

“என்னோடை கோவிச்சால் அவன் நாலு வளவு தள்ளி இருப்பான். உன்னோடை கோவிச்சால் அந்த வீட்டுக்குள்ளை எங்கை போறது?”

அத்தனை வருடமும் அவர் அந்தப் பழியைத் தன் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறார், அத்தான்.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆடியில் ஊருக்கு வந்து, அவளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் அவரே அக்காவிடம் சொல்லிவிடுவாரோ என்று மனம் இப்போதே ஐயப்படத் தொடங்கிவிட்டது. முப்பது வருடம் வாய் திறக்காத மனிதரைக்கூட நம்ப மறுக்கும் இந்த மனத்தைத்தான், அத்தான், நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.